நீங்கள் இல்லாமல் எடுத்த கணிதம்

என்ர அன்பான வசந்தி மச்சாளுக்கு,

நான் படிக்கத் தொடங்கிட்டன். இதை முதல்ல உங்களிட்டைத்தான் சொல்லவேணும் எண்டு இருந்தது. நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம். மகள் படிக்கவெண்டு துரொண்ட்ஹைமுக்குப் போயிட்டாள். உங்கட தம்பி வேலையால வந்தால் சாப்பிட்டுப்போட்டு ரீவிக்கு முன்னால இருப்பார். உங்கட பேரை நானும் எடுக்கிறேல்லை, அவரும் எடுக்கிறேல்லை.

பதினொரு வருசம் ஒரே முதியோர் இல்லத்தில ரெண்டுபேரும் உதவியாளராய் நிண்டம். ஆராவது வலியில முனகினால், தாதி வருமட்டும் கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கத்தான் எங்களால ஏலும். அப்பிடி ஒருநாள்தான் நீங்கள் சொன்னனீங்கள்: "மச்சாள், நாங்கள் ரெண்டுபேரும் தாதிக்குப் படிப்பம்."

கல்லூரிக்குள்ள போக நோர்வேஜிய மொழியும் கணிதமும் பாஸ் பண்ணவேணும். முதல்ல மொழி, கணிதம் பிறகு எண்டு முடிவெடுத்தம். எனக்குக் கணக்கெண்டால் பயம். "அதை நான் சொல்லித் தாறன், நீர் பயப்பிடாதையும்" எண்டனீங்கள்.

அதுக்குப் பிறகு மூண்டு வருசம் நான்தான் சாட்டுச் சொன்னனான். துர்னுஸில வேலைநேரம் சரிவராது, மகளுக்குச் சோதனை, குளிர் முடியட்டும். நீங்கள் தனியப் போயிருக்கலாம். ஏன் போகேல்லை, மச்சாள்? "உம்மை விட்டிட்டுப் போய் ஆரோட கதைக்கிறது?" எண்டு சிரிச்சனீங்கள். பிறகு உங்கட உடம்புக்கு வருத்தம் வந்திட்டுது. இப்ப நீங்கள் ஒரு தாதியாய் இருந்திருப்பியளோ? இந்தக் கேள்வியை நான் ஆரிட்டைக் கேக்கிறது?

மொழி வகுப்பு செவ்வாயும் வியாழனும் காலமையில. எங்கட பொறுப்பாளரிட்டைப் போய்க் கேட்டன்.

"காலமை ஆக்கள் காணாது. ஏலாது" எண்டா. "பின்னேரம் ஏதாவது வகுப்பு இல்லையோ?"

"புதன் பின்னேரம் இருக்கு. கணிதம்."

"அப்ப உம்மட புதன்கிழமையை எடுக்க ஒராளைப் பிடியும்."

துர்னுஸ் எனக்குப் பாடத்தைத் தெரிஞ்சு தந்தது, மச்சாள். அதுவும் உங்களை நம்பி நான் கடைசிக்குத் தள்ளிவைச்ச பாடத்தை.

உங்கட இடத்துக்கு இப்ப கவிதா எண்டு ஒரு கோயம்புத்தூர்ப் பிள்ளை வந்திருக்கிறா. நல்ல பிள்ளை. உங்கட இடத்தில நிக்கிறா எண்டதுக்காகவே நான் அவவோட அவ்வளவாய்க் கதைக்கிறேல்லை. வேற வழியில்லாமல் கேட்டன்.

"போய்ட்டு வாங்கக்கா, புதன் சாயங்காலம் நான் பாத்துக்கறேன். பதிலுக்கு என்னோட சனிக்கிழமை ஷிஃப்ட்டை நீங்க எடுத்துக்குவீங்களா? குழந்தையோட இருக்க ஒரு நாள் கூட கிடைக்கல."

சனிக்கிழமை. நீங்களும் நானும் குறொன்லாண்ட் கடைத்தெருவில மரக்கறி வாங்கிக்கொண்டு, கடை வாசல்ல கதைச்சுக் கதைச்சு ரெண்டு மூண்டு ரயிலைத் தவறவிடுகிற நாள். "ஓம், எடுக்கிறன்" எண்டன். அந்த நாளை வைச்சுக்கொண்டு நான் இனி என்ன செய்ய?

முதல் வகுப்பில எல்லாரும் என்ர மகளின்ர வயது. பக்கத்துக் கதிரை வெறுமையாய்க் கிடந்தது. பார்க்க ஏலாமல் என்ர பையைத் தூக்கி அதில வைச்சன். பின்னம் படிப்பிச்சவை. ஒண்டும் விளங்கேல்லை.

வீட்டை வந்து கொப்பியை மேசையில போட்டன். உங்கட தம்பி எட்டிப் பார்த்தார்.

"என்ன படிப்பிச்சவை?"

"பின்னம்."

"விளங்கிச்சுதோ?"

"இல்லை."

ரீவியை நிப்பாட்டிப்போட்டுக் கதிரையை இழுத்து இருந்தார். "எனக்குப் பின்னம் படிப்பிச்சது அக்காதான்" எண்டார். "அடிமட்டத்தால அடிச்சு அடிச்சு."

ஏழு மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில உங்களைப் பற்றி வந்த முதல் கதை இது. நான் சிரிச்சிட்டன், மச்சாள். அவர் சிரிக்கேல்லை. அஞ்சு கணக்குச் செய்தம், ரெண்டு பிழை. முடியுமட்டும் அவர் கொப்பியை விட்டு நிமிரேல்லை. நானும் அவற்ர முகத்தைப் பார்க்கேல்லை.

சோதனை வைகாசியில. பாஸோ பெயிலோ, போய் எழுதுவன். அது முடிய மொழி வகுப்புக்காகப் பொறுப்பாளரோட திரும்பவும் மல்லுக்கட்டுவன். உங்கட தம்பியையும் இனிப் பேசாமல் இருக்க விடமாட்டன். இது நான் உங்களுக்குத் தாற வாக்கு.

உங்கட தம்பி பெண்சாதி,
நீங்கள் காத்திருந்த மச்சாள்,
ராகினி