நகர்த்திப் பார்த்த அலமாரி

சின்னவளின் அம்மாவுக்கு,

இங்கே நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போ, உன் அண்ணனைத் துணைக்குக் கூப்பிடாதே, ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. வங்கிக் கடனுக்காக ஒரு வீட்டை மதிப்பிடப் போனேன். படுக்கையறையில் ஜன்னலைப் பாதி மறைத்தபடி ஓர் அலமாரி நின்றது. நகர்த்தினேன். சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். அதை எழுதி, மதிப்பைப் பாதியாகக் குறைத்தேன்.

"உங்களை வீடு பாக்க அனுப்பினா, வீட்டையே காலி பண்ணிட்டு வர்றீங்களே சார்!" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் தொழில் கற்ற சோடாபுட்டி மறுநாள் போய், அலமாரியைத் தொடாமல் படம் பிடித்து, கேட்ட விலைக்குக் கையெழுத்துப் போட்டான்.

அந்த வீட்டை வாங்கியவர் நேற்று அலுவலகத்துக்கு இனிப்போடு வந்தார். "அந்த ரூம புள்ளைங்களுக்குக் குடுத்துட்டோம் சார்."

அறிக்கை வங்கிக்கு மட்டுமே சொந்தம், வாங்குபவரிடம் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் நெறி. முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரிடம் விரிசலைச் சொல்லிவிட்டேன்.

வாங்கியவர் சிரித்தார். "பேங்கே கடன் குடுத்துடுச்சே சார், அவங்களுக்குத் தெரியாததா?"

போர்வை அனுப்ப வேண்டாம். சின்னவள் பாடம் படிப்பதைப் பதிவுசெய்து அனுப்பு. இந்த அறையில் பேச ஆளில்லை. மாதக் கடைசியில் வந்துவிடுவேன். அவளிடம் லீவு என்று மட்டும் சொல். தபால் நேரமாகிவிட்டது.

அவள் அப்பா