எரியாமல் மிஞ்சிய கோது

இன்று காலை, மழையில் ஊறிப்போன அட்டைப்பெட்டி ஒன்றை வாசலிலிருந்து தூக்கினேன். பிடித்த இடம் கையோடு பிய்ந்து வந்தது. ஊறிய அட்டையின் அந்த மணத்தில் நீ வந்து நின்றாய். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு வரும் இரண்டாவது மாரி இது.

பனிச்சங்கேணிக்கு அப்பால், வாவிக்கரை வயல்வட்டையில் நாமிருவரும் கண்ணிவெடி அகற்றிய அந்த நாள் நினைவிருக்கிறதா? வெட்டிய பற்றைகளை எரித்துவிட்டால் வேலை முடிந்தது. காணிக்காரரான ஏறாவூர் முஸ்லிம் பெரியவர், நாம் காக்கா என்று கூப்பிடுபவர், விதைப்புப் பிந்துகிறதே என்று தூரத்தில் தவித்துக்கொண்டு நின்றார். பொறுப்பாளர் நெருப்புப்பெட்டியை எடுத்தார். நீ குறுக்கே போய் நின்றாய்.

குவியலின் அடியில் அட்டைபோல உப்பிப்போன பழுப்புத் துண்டு ஒன்று கிடந்தது.

“ஊறின மட்டை. தள்ளு புள்ள,” என்றார் பொறுப்பாளர்.

“மட்டையில்ல சேர், எறிகணைக் கோது. பத்தவைக்க விடமாட்டன்.”

பயிற்சியில் நான் கொட்டாவி விட்டுக் கடத்திய பாடம் அது. எறிகணையை உந்தும் மருந்தை அடைக்கிற அந்தக் கோதை, எரியும்படி பதப்படுத்திய பஞ்சுநாரைக் காகிதக்கூழோடு சேர்த்து, அச்சில் அழுத்திக் காயவைத்து, பூச்சுப் பூசிச் செய்வார்களாம். பித்தளையை விடப் பாரம் குறைவு. ஆனால் ஈரத்தை உறிஞ்சும், இலேசாகக் கிழியும், காய்ந்திருந்தால் ஒரு பொறியே போதும்.

பயத்தில் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீ என் பக்கம் திரும்பினாய்.

“சுட்டா இது முழுசா எரிஞ்சிருக்கும்கா. மிஞ்சிக் கிடக்கெண்டா சுடல்ல. அப்ப குண்டும் இஞ்சதான் கிடக்கு.”

அதற்குப் பிறகு நானும் உன்னோடு நின்றேன். பொறுப்பாளர் முறைத்தார். பிறகு நெருப்புப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, வெடிபொருள் செயலிழக்கச் செய்யும் குழுவை அழைத்தார்.

குவியலை விலக்கி, ஒரு சாண் மண்ணை எடுத்ததும் தெரிந்தது. எறிகணைகள், வரிசையாக. பொறுப்பாளர் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

“நான் பத்தவெச்சிருப்பன், புள்ள,” என்றார்.

மறுநாள் அவற்றை வெடிக்கவைத்தபோது வாவிக் கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய்! காக்கா அழுதுகொண்டே சிரித்தார். “அல்லாஹ் காப்பாத்திட்டான் தங்கச்சி, உங்கட வாயால,” என்றார். அந்த மாரியில் அவர் பிந்தித்தான் விதைத்தார். ஆனாலும் விளைந்தது.

இப்போது அணிக்கு நான் பொறுப்பு. யாராவது குரல் நடுங்க ஏதேனும் சொல்ல வந்தால், எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். போன கிழமை, வெடிகளை அகற்றி முடித்த இன்னொரு வட்டையைக் காணிக்காரரிடம் கையளித்தோம். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும், புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு உன் பெயரை உரக்கச் சொன்னேன். பிறகு எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் காணியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓடினோம்.