நீலப் பனியில் வைத்த இரண்டு துண்டுகள்

டிசம்பர் 9, டெர்ரா நோவா விரிகுடா

இந்தத் தென்துருவக் கரையில் இன்றும் ஹெலிகாப்டர் இல்லை. காற்று.

சாப்பாட்டு மேஜையில் உல்ரிக்கோ கேலியை ஆரம்பித்துவிட்டார். விண்கல் தேட வந்த எங்கள் குழுவின் மலை வழிகாட்டி. வெடிப்பு விழுந்த பனியில் என் உயிர் அவர் கயிற்றில்தான். "டாக்டரம்மா, எல்லாரும் வானத்துலேர்ந்து விழுந்த கல்லைத் தேடி வருவாங்க. நீங்க நீங்களே கொண்டுபோய் வச்ச கல்லைத் தேடி வந்திருக்கீங்க. வீட்டுச் சாவியைத் தொலைச்ச மாதிரி!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சாவி இல்லை. ஒரு சண்டை. இருபத்திரண்டு வருடச் சண்டை.

டிசம்பர் 10

காற்று.

டிசம்பர் 11

எல்வியோ ஞாபகமாகவே இருக்கிறது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் என் கணவன். இதே கடற்கரையிலிருந்துதான் கிளம்பினோம். கூடாரத்துக்குள் பார்மெசான் பாலாடைக்கட்டியின் தடித்த தோலைக்கூட விடாமல் சூப்பில் போட்டுக் கொதிக்க வைப்பான். ஃபிலிம் சுருள்கள் உறைந்துவிடக் கூடாதென்று பனியனுக்குள் வைத்துக்கொண்டு தூங்குவான். புரண்டால் கடகடவென்று சத்தம். "கல்யாணம் பண்ணிக்கிட்டது உன்னையா, கேமராவையா?" என்று கேட்டிருக்கிறேன்.

அந்தக் கோடையில் ஒரு விண்கல் இரண்டாக உடைந்தே கிடைத்தது. யார் சொல்வது சரி என்று பார்க்க இரண்டு துண்டையும் அங்கேயே விட்டுவிடலாம் என்றது அவன்தான். ஒன்று பனியின் மேலே, வெயிலில். இன்னொன்று ஆளுயரக் குழியில். மேலே பனித்தூளைக் கொட்டி மூடினோம்.

"இந்தக் குளிர்ல ரெண்டும் ஒண்ணுதான், எர்சி. கெட்டுப்போக ஆயிரம் வருஷம் ஆகும். நம்ம ஆயுசுல ஒண்ணும் தெரியாது."

"வெயில் பட்டா போதும். சில கோடையில தெரிஞ்சிரும்."

காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் கறுத்த கல் வெயிலில் சுடும். அதன்மேல் ஒட்டிய பனி துளித்துளியாய் உருகும். விரிசலுக்குள் நீர் இறங்கும், உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். மறுபடி உறைந்தால் கல் பிளக்கும். இதை எத்தனை தடவை சொன்னேன்! கேட்டானா?

நாலைந்து வருடத்தில் திரும்பி வந்து பார்ப்பதாகப் பேச்சு. அதற்குள் விவாகரத்து வந்துவிட்டது.

டிசம்பர் 14, கூடாரம்

இறக்கிவிட்டார்கள். நானும் உல்ரிக்கோவும் மட்டும். இரண்டு நாள் நல்ல வானிலை, அதற்குப் பிறகு புயல் என்கிறது நிலையம். இதுதான் எனக்குக் கடைசிப் பருவம். அடுத்த வருடம் பணி ஓய்வு.

இந்த நீலத்தை மறந்தே போயிருந்தேன். அழுகை வந்தது. கண்ணாடிக்குள்ளேயே உறைந்து தொலைத்தது.

டிசம்பர் 15

குழி கிடைத்தது! நீலப் பனியில் வெள்ளையாக ஒரு வட்டம், அன்று நாங்கள் கொட்டிய தூள். காற்று வருடா வருடம் மேல்பனியை அரித்திருக்கிறது. ஆளுயர ஆழம் இன்று முழங்கால் அளவு. கல் கறுப்பாக, பளபளவென்று, நேற்று வைத்ததுபோல இருந்தது.

மேலே வைத்தது இல்லை. அடையாளத்துக்கு நட்ட மூங்கில் கழியும் இல்லை. காற்று உருட்டிக்கொண்டு போயிருக்கும். எங்கே என்று தேடுவது?

"ஒண்ணு கிடைச்சுதே, போதாதா?" என்றார் உல்ரிக்கோ.

போதாது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு என்ன சொல்வது?

டிசம்பர் 16

காலையிலேயே தெற்கே வானம் கறுத்துவிட்டது. "மத்தியானம் வரைக்கும்தான். அப்புறம் உங்களைத் தூக்கிக்கிட்டாவது போயிருவேன்" என்றார். காற்று போகும் திசையிலேயே நடந்தோம், நீலப் பனி முடிந்து வெண்பனித் திட்டு தொடங்கும் ஓரம் வரை. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. திரும்பலாம் என்று நானே சொல்ல வாயெடுத்தபோது அவர் கத்தினார்: "டாக்டரம்மா! இங்க யாரோ காபித்தூளைக் கொட்டி வச்சிருக்காங்க!"

அதுதான்.

டிசம்பர் 18, நிலையம்

புயலுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டோம். ட்ரியெஸ்தேவில் எல்வியோ வீட்டுக்கு ஃபோன் போட்டேன். அவனுக்குக் கண் போய்விட்டது என்று எங்கள் மகள் முன்பே சொல்லியிருந்தாள். நடுப்பார்வை முழுக்கப் போய், ஓரம் மட்டும் மங்கலாகத் தெரிகிறதாம். படம் அனுப்பிப் பயனில்லை.

"சொல்லு. கூட்டாம குறைக்காம சொல்லு. என் கண்ணு இப்ப உன்கிட்டதான் இருக்கு."

சொன்னேன். மேலே வைத்ததின் கறுப்புத் தோல் பாதிக்குமேல் உரிந்துவிட்டது. உன் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் மாதிரி துரு. நாலைந்து துண்டாகப் பிளந்திருக்கிறது. இடுக்கி பட்டாலே உதிர்கிறது. விரிசல் ஓரமெல்லாம் உப்புப் பூத்திருக்கிறது, உலர்த்திய சலாமி இறைச்சித் தோல்மேல் பூக்குமே, அந்த வெள்ளை.

"கீழ வச்சது?"

"அப்படியே இருக்கு."

மறுமுனையில் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்ப நீதான் ஜெயிச்ச."

"ம்."

இத்தனை வருடம் இந்த வார்த்தைக்காகத்தானே காத்திருந்தேன்? ஏன் இனிக்கவில்லை?

"எர்சி… இதுக்காகவா பிரிஞ்சோம்?"

"இல்லடா. நீ பாத்திரம் கழுவாததுக்கு."

சிரித்தான். பனியன் கடகடத்த காலத்துச் சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே இணைப்பு அறுந்தது.

டிசம்பர் 25

நிலையத்தில் கிறிஸ்துமஸுக்குப் பானெத்தோனே கேக் வெட்டினார்கள். நான் ஃபோன் இருக்கும் அறைப்பக்கம் இரண்டு தடவை போய், சும்மா திரும்பி வந்தேன்.

மார்ச் 7, ட்ரியெஸ்தே

கல்லைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையை எல்வியோவுக்கு வாசித்துக் காட்டத்தான் வந்தேன். வரிக்கு வரி மறிக்கிறான். "ஒரே ஒரு கல்லை வச்சுக்கிட்டு ஊருக்கே தீர்ப்பா? 'இருக்கலாம்'னு போடு." போட மாட்டேன் என்றேன். மத்தியானம் முழுக்கச் சண்டை. நடுவே யோட்டா சூப் வைத்தான், தடவித் தடவி. நன்றாகவே வைத்தான். பாத்திரத்தையும் அவனே கழுவினான். பாதி அழுக்கு அப்படியே இருந்தது. நான் துடைத்து அடுக்கினேன்.

சியேனாவில் என் வீட்டுக்குப் போக வேண்டிய ரயில் ஐந்து மணிக்கு. கிளம்பலையா என்று அவன் கேட்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

ஐந்தரைக்கு, "வெளிய போரா காத்து வீசுதா?" என்றான்.

"ஆமா."

"அப்ப ஜன்னலைச் சாத்திட்டு வந்து உக்காரு. மூணாவது பத்தி இன்னும் சரியில்ல."