எடுக்காத கை

நண்பா,

நம் குழுவின் பழைய ராக் இசைத்தட்டின் ஒலிகளைப் புதிதாகக் கலந்து அனுப்பியிருக்கிறாய். அன்று அதைக் கழுவி ஊற்றிய அதே பத்திரிகை இன்று காவியம் என்கிறது. தட்டின் இரண்டாம் பக்கத்தை நான் வாசித்த மெல்லோட்ரான் என்ற கட்டைப் பெட்டிக்காகவே கேட்கலாமாம். உன் கிட்டாரைத் தணித்து என்னை மேலே தூக்கியிருக்கிறாய். உனக்கு எப்போதிலிருந்து இந்தப் பெருந்தன்மை?

ஞாயிற்றுக்கிழமை வறுத்த ஆட்டுக்கறியைச் சாப்பிட்டுவிட்டு நானும் என் மனைவி ஹில்டாவும் கேட்டோம். ஒரு சுரம் நீண்டுகொண்டே போனபோது, பாதித் தூக்கத்தில் இருந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"என்னய்யா இது, அந்த இடத்துல நீ கையை எடுக்கவே இல்லையே?"

உனக்குத் தெரியாததா? அந்தப் பெட்டியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துண்டு ஒலிநாடாதான். எட்டு விநாடியில் அது தீர்ந்துவிடும். கையை எடுத்து மறுபடி அழுத்தினால்தான் சத்தம் வரும். இந்தப் புதிய தட்டிலோ அந்த ஒரே சுரம் மூச்சு விடாமல் நீண்டுகொண்டே போகிறது. விமர்சகர் உருகியிருப்பதும் அதற்குத்தான்.

நேற்று தொலைபேசியில் எடுத்த எடுப்பிலேயே, "எல்லாம் பழைய நாடாவுல இருந்ததுதான்டா, நான் ஒண்ணையும் தொடல" என்றாய். நான் எதுவும் கேட்கவே இல்லையே.

"பாராட்டுறாங்கல்ல, வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கோ" என்கிறாள் ஹில்டா. அவளும் உன் கட்சியா என்று தெரியவில்லை.

லண்டனில் மறுபடி சேர்ந்து வாசிக்கக் கூப்பிடுகிறாய். வருகிறேன். அந்த நீண்ட சுரம் வந்ததும் இரண்டு கைகளையும் எல்லோரும் பார்க்கத் தூக்குவேன். அப்போதும் எங்கிருந்தோ சத்தம் நிற்காமல் வந்தால், திரும்பி உன்னைத்தான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
கையை எடுத்து எடுத்தே வாசித்தவன்