அண்ணையின் பெயரில் என் பிழை

2025 மார்ச் 3, திங்கள்

காலையில் மோர்னிங்சைட்டில் என்னோடு வேலை செய்கிற றெமி அண்ணையை ஏற்றிக்கொண்டு மார்க்கம் ஒஃபிசுக்குப் போய்ச் சேர ஐம்பது நிமிடம். வழி முழுக்கப் பனி, வழி முழுக்க அவருடைய புத்திமதி. "பிறேக்கைக் காலால மிதி பிள்ளை, கோவத்தால மிதிக்காதை." பதினொரு வருடமாக இதே பயணம், இதே புத்திமதி. ஜூனில் ஓய்வு பெறுகிறார். பிறகு யாரோடு சண்டை பிடித்துக்கொண்டு போவேனோ தெரியாது.

மகளுக்குச் சப்பாத்து சின்னதாகிவிட்டது. சனிக்கிழமை வாங்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். அண்ணை பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்தார். ஈஸ்டர் வரைக்கும் கோப்பி இல்லையாம். அப்படியென்றால் தவக்காலம் எங்களுக்குத்தான் என்றேன். சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு மேலதிகாரி கிளிபோட் எல்லோரையும் கூப்பிட்டார். எங்கள் மென்பொருளில் ஓட்டை. பெரிய கொம்பனிகள் தங்கள் கணக்குவழக்கு முழுவதையும் அதில்தான் பார்க்கின்றன. மனேஜர் ஒருவர் லீவில் போகும்போது தன் அதிகாரத்தைக் கீழே வேலை செய்பவரிடம் சில நாட்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். அப்படி வாங்கிய ஒரு கிளார்க், கொடுத்த நாட்களைத் தானே நீட்டலாம், அதற்கும் மேலே இருப்பவரின் அதிகாரத்தைக்கூட எடுத்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்து எங்களுக்கு எழுதியிருக்கிறார். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடச் சொல்லி அயலவரிடம் திறப்பைக் கொடுக்க, அது தெருவில் உள்ள எல்லா வீட்டையும் திறந்த மாதிரி.

இதுவரை யாரும் எதையும் எடுத்ததாகத் தெரியவில்லை. அந்தக் கிளார்க் நன்றாக இருக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

அந்தப் பகுதியை யார் எழுதியது என்று பழைய பதிவில் தேடினார்கள். 2014 பெப்ரவரி 19. பெயர்: றெமிஜியஸ்.

அண்ணை திரையைப் பார்த்தார். "ஓம், நான் போட்டதுதான்" என்று கிளிபோட்டிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவ்வளவுதான்.

பதிவில் போட்டது அவர். எழுதியது நான்.

கையெழுத்தை அடையாளம் காண்பதுபோலத்தான் இதுவும். பார்த்தவுடனே என்னுடையது என்று தெரிந்துவிட்டது. அப்போது என் மகள் லக்சிகா இருபத்தேழு வாரத்தில் பிறந்து இன்கியுபேற்றரில் கிடந்தாள். அன்று ஒன்பதாவது நாள். நான் வேலையில் சேர்ந்து நாலு மாதம், இன்னும் நிரந்தரமாக்கவில்லை. கொடுத்த வேலையை முடிக்காவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்று பயம். அவளுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்து, லப்டொப்பை மடியில் வைத்து எழுதினேன். அதிகாரம் வாங்கியவர் அதை மாற்றலாமா என்று சரிபார்க்கிற இடத்தைப் பிறகு எழுதலாம் என்று விட்டேன். அந்தப் பிறகு வரவேயில்லை. லீவில் இருந்ததால் என் ஒஃபிஸ் கணக்கை மூடியிருந்தார்கள், நானே பதிவில் போட முடியாது. அண்ணைக்கு அனுப்பினேன். "நீ பிள்ளையைப் பார். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். தன் பெயரில் போட்டுவிட்டு, என் பெயரைச் சொல்லி, சாம்பவிதான் முடித்தாள் என்று அப்போதைய மனேஜரிடம் வாயால் சொன்னார். அந்த மனேஜர் எப்போதோ போய்விட்டார். பதிவு மட்டும் இருக்கிறது.

இன்று ஏன் வாயைத் திறக்கவில்லை நான்? தொண்டை அடைத்தது என்று எழுதலாம். பொய். பயம்.

மார்ச் 7, வெள்ளி

விசாரணை முடியும்வரை அண்ணை எந்தப் புரோகிராமையும் தொடக்கூடாதாம். இந்த மாதத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. இருபத்தாறு வருடம். பிழை விட்டவர் என்ற பெயரோடு, ஒரு பிரியாவிடைகூட இல்லாமல்.

காரில் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"எதைச் சொல்ல?"

"அது நான் எழுதினது அண்ணை."

"உன்ர பேர் உதில எங்கேயும் இல்லை. இருக்கவும் வேண்டாம். நான் ஜூனில போறவன். உனக்கு இன்னும் இருவது வருசம் கிடக்கு. அடுத்த மாசம் உன்னை ரீம் லீடர் ஆக்கிறதெண்டு சொல்லியிருக்கினம். பேசாமல் ரோட்டைப் பார்."

ரோட்டைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, கண்ணீர்.

மார்ச் 8, சனி

சப்பாத்து வாங்கினோம். பிறந்தபோது அந்தக் கால் என் பெருவிரல் அளவு.

மார்ச் 9, ஞாயிறு

ஜனார்த்தனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக் கடனைப் பற்றிச் சொல்வார், அதைச் சாட்டாக வைத்துப் பேசாமல் இருக்கலாம் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன். கேவலம்தான். எழுதி வைக்கிறேன்.

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார், "நீ சொல்லாட்டி இன்னும் இருவது வருசத்துக்கு மூஞ்சியை நீட்டிக்கொண்டு திரிவாய். அதை ஆர் பாக்கிறது? போய்ச் சொல்லிப்போட்டு வா."

என் புருசனுக்கு இவ்வளவு அறிவு இருப்பது சில நாட்களில்தான் வெளியே தெரியும்.

மார்ச் 10, திங்கள்

சொல்லிவிட்டேன். அண்ணைக்கு அன்று அனுப்பிய மின்னஞ்சலையும் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். கிளிபோட் இரண்டு தரம் வாசித்தார். இதை நீ சொல்லியிருக்கத் தேவையில்லையே என்றார். தேவை என்றேன். 

பின்னேரம் அண்ணை என் மேசைக்கு வந்தார். "கேட்டனியா என்னை? ஒரு வார்த்தை கேட்டனியா?" முகம் சிவந்து போயிருந்தது. பஸ்ஸில் போய்விட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

பஸ்.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் பஸ். மூன்று பஸ் மாறி வருகிறார், அறுபத்துநாலு வயதில். காலையில் அவர் வீட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றேன். அவர் மனைவி எமில்டா அக்கா சால்வையோடு வாசலுக்கு வந்து, "அவர் ஆறு மணிக்கே வெளிக்கிட்டிட்டார் பிள்ளை" என்றார். பிறகு மெதுவாக, "கோவம் உன்னோட இல்லை. தனக்கு எண்டு ஆரும் ஒண்டு செய்ய வந்தா அந்த மனுசனுக்கு ஏலாது" என்றார்.

அவர் இருக்கையில் என் கைப்பையை வைத்து ஓட்டினேன். நன்றாகவே இல்லை.

மார்ச் 20, வியாழன்

இருவரையும் ஒன்றாக வைத்து விசாரித்தார்கள். நான் பிழை என்னுடையது என்றேன். அவர், "வாசிக்காமல் போட்டது நான், வாசித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டிருப்பேன், ஆகவே பிழை என்னுடையது" என்றார். நான் குறுக்கே பேசினேன். அவர் தமிழில் "வாயை மூடு" என்றார். பத்து நாளில் என்னோடு பேசிய முதல் வார்த்தை. கிளிபோட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 28, வெள்ளி

ஓட்டையை அடைத்து எல்லாக் கொம்பனிகளுக்கும் அனுப்பியாயிற்று. எனக்குக் கடிதம் வந்தது. ரீம் லீடர் இல்லை. ஆறு மாதத்துக்கு நான் எழுதுவதை இன்னொருவர் பார்த்த பிறகுதான் போடலாம். வேலை இருக்கிறது. அண்ணை ஜூன் வரைக்கும் இருக்கலாம், பிரியாவிடையும் உண்டு.

நெஞ்சு லேசாக இருக்கிறது. லீடர் வேலை போனதற்குக் கவலை இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. இருக்கட்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

விசாரணை அறிக்கை இன்று வந்தது. என் பெயரை மட்டும் எதிர்பார்த்துத் திறந்தேன். இப்படி இருந்தது:

எழுதியவர்: சாம்பவி ஜனார்த்தன், குறைமாதக் குழந்தையுடன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது. பதிவில் சேர்த்தவர்: றெமிஜியஸ், வாசிக்காமல்.

ஆஸ்பத்திரியைப் பற்றி நான் விசாரணையில் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. கிளிபோட்டிடம் கேட்டேன். அண்ணைதான் மூன்று தரம் வந்து நின்று அதைப் போடவைத்தாராம். தன் பெயரையும் போடச் சொன்னாராம். தனக்காக ஒன்றும் கேட்கவில்லையாம்.

வீட்டுக்கு வந்து அவருக்குப் போன் எடுத்தேன். "என்ன அண்ணை உது?"

"உள்ளதைத்தானே சொன்னனான்."

பிறகு, "பஸ்ஸில ஏறி இறங்கி முழங்கால் போச்சு. நாளைக்கு ஏழு இருவதுக்கு வா. பிந்தாதை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

குசினி மேசையில் இருந்து நன்றாக அழுதேன். லக்சிகா வந்து, "அம்மா, றெமி அங்கிள் இஸ் ஸ்ரில் மாட்?" என்று கேட்டாள். இப்ப கோவம் இல்லையடா என்று அவளைப் பிடித்து மடியில் இருத்தினேன். இப்போது பாரமாகத்தான் இருக்கிறாள்.