இடப்பக்க இருக்கை

சங்ககிரி
9.1.2025

மரியாதைக்குரிய அப்புசாமி அண்ணன் அவர்களுக்கு, சென்னிமலை வணக்கத்தோடு எழுதுவது.

என் கையெழுத்தைப் பார்த்ததும் நீங்கள் இதை மடித்து வைத்துவிடலாம். அதில் தப்பில்லை. இரண்டு பக்கம்தான், முடிந்தால் படியுங்கள். கார்த்திகையில் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்தில் உங்கள் மகள் ரஞ்சனியைப் பார்த்தேன். ஆறு வயதில் பார்த்த பிள்ளை, அவளாக வந்து என்னை அடையாளம் கண்டு பேசினாள். சூரத்தில் மாப்பிள்ளைக்குச் சேலைச் சாயப் பட்டறையில் வேலை என்றும், நீங்கள் அவர்களோடு இருப்பதாகவும், முட்டி வலி தொந்தரவு செய்கிறது என்றும் சொன்னாள். போன் நம்பர் கேட்டேன். "அப்பா போன்ல உங்ககூடப் பேச மாட்டாருங்க சித்தப்பா, எழுதிப் பாருங்க" என்று விலாசம் மட்டும் கொடுத்தாள். அதை வாங்கி ஒரு மாதம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

என் சம்சாரம் வசந்தாமணி தவறிப்போய் ஒரு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் நான் சொல்ல வேண்டிய முறை. மகன் யோகேஷ் பெங்களூரில் இருக்கிறான். அங்கே வந்து இரு என்கிறான், போனால் நான்கு நாள் தாங்குகிறது. ஊட்டில் இப்போது நான் ஒருத்தன்தான். பால்காரரிடம் அரை லிட்டர் போதும் என்று சொல்வதுதான் சில நாளில் நான் பேசுகிற ஒரே பேச்சு.

அதனால் ஒரு வேலை செய்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பழைய வேன் ஒன்றை வாங்கி, பவானி ரோட்டில் பாடி கட்டுகிற ஜீவாவிடம் கொடுத்தேன். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, குறுக்கே ஒரு கட்டில், அதற்கு அடியில் சாமான் அறை, ஒரு சின்ன மேடை, அடுப்பு, மேலே தண்ணீர்த் தொட்டி. அவன் டி.வி. ஒன்று மாட்டியே தீருவேன் என்றான். நான் வேண்டாம் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சீட்டெல்லாம் போன பிறகு முன்னால் இரண்டு மட்டும் மிச்சம், டிரைவர் சீட்டும் இடப்பக்கத்துச் சீட்டும். அதையும் எடுத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் சாமான் வைக்கலாம் என்றான். அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பொங்கல் கழிந்து கிளம்பலாம் என்று இருக்கிறேன். துவாரகை வரைக்கும் போவதாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். லாரியில் இருபத்தைந்து வருஷம் சுற்றியவனுக்கு என்ன தெரியாது என்று நினைத்தேன் அண்ணா. உட்கார்ந்து சாமான் எடுத்து வைக்கும்போதுதான் எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது. ஸ்டெப்னி, ஜாக்கி, ஃபேன் பெல்ட், சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கிற கட்டை, தார்ப்பாய்க் கயிறு, இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைத்தேன். உப்பு எதில் வைப்பது என்று தெரியவில்லை. புளி கசிந்து துணியெல்லாம் கறையாகிவிட்டது. நாம் சேர்ந்து ஓட்டிய லாரியின் தகரப்பெட்டியில் கோணி ஊசியும் நூலும் சட்டைப் பொத்தானும் இருக்குமே, வேண்டும்போது கை விட்டால் கிடைக்குமே, அதையெல்லாம் யார் எப்போது வைத்தார்கள் என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. கொள்ளுப்பொடி நானே வறுத்தேன். முதல் தடவை கருகியது. இரண்டாம் தடவை பரவாயில்லை, உப்புக் கொஞ்சம் கூட.

போன செவ்வாய்க்கிழமை சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் மிச்சச் சாமான் வாங்கினேன். பருப்பு, மிளகாய், ஐந்து லிட்டர் குக்கர் வேண்டாமென்று சின்னது ஒன்று, கொசுவலை, பிளாஸ்க். பாத்திரக்கடையில் தட்டு இரண்டு, டம்ளர் இரண்டு, கிண்ணம் இரண்டு என்று கேட்டிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. கடைக்கார அம்மா, கூட யாருங்க வாராங்க என்று கேட்டார். கூட்டாளி ஒருத்தர் வாரார் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லிவிட்டோமே என்று பஸ் ஸ்டாண்டு வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

வண்டி எப்படி இழுக்கிறது என்று பார்க்கத் தொப்பூர் வரை ஒரு நாள் ஓட்டிப் போனேன். கணவாயில் நன்றாகவே இறங்கியது. திரும்புகிற இடத்தில் பிரேக்கை மிதித்து நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன். அப்புறம்தான் உறைத்தது, இடப்பக்கத்திலிருந்து "காலியா இருக்குது, வா வா" என்று நீங்கள் சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறேன்.

அண்ணா, போகிற வழியில் சூரத் வருகிறது. தை கடைசி ஞாயிறு, பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை அங்கே இருப்பேன். கந்தம்மாள் அண்ணியின் சாவுக்கு அப்புறம் நாம் பேசிக்கொள்ளவில்லை. நான் செய்ததைப் பற்றி இதில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. பார்க்கச் சம்மதம் என்றால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

ரஞ்சனிக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். முட்டிக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள்
சென்னிமலை


சங்ககிரி
25.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று ரஞ்சனி போன் செய்தாள். கடிதத்தை வாங்கி மூன்று நாள் அலமாரி மேல் போட்டிருந்தீர்களாம். நான்காம் நாள் கண்ணாடி கேட்டு வாங்கிப் படித்தீர்களாம். வரச் சொல்லட்டுமா என்று அவள் கேட்டாளாம். நீங்கள் சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போதுதான், "அவங்கூட யாரு ஓட்டறா?" என்று கேட்டீர்களாம். யாருமில்லை, தனியாகத்தான் வருகிறார் என்று அவள் சொன்னதும் உள்ளே போய்ப் படுத்துவிட்டீர்களாம்.

நீங்கள் அந்த ஒன்றைக் கேட்டபிறகு நான் மறைத்து வைத்திருக்க முடியாது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். தொண்ணூற்றெட்டு ஆடி மாதம். இந்தூரில் ஜவ்வரிசி இறக்கிவிட்டு, திரும்பும்போது சோயா லோடு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாக்பூரில் நீங்கள் டயருக்குப் பஞ்சர் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். நான் நம் லாரி ஆபீசுக்குப் போன் செய்யப் போனேன். அப்புசாமி சம்சாரத்துக்கு மூளைக் காய்ச்சல், சேலம் ஆஸ்பத்திரியில் மோசமாகக் கிடக்கிறாள், உடனே வரச் சொல் என்று மேனேஜர் சொன்னார். திரும்பி வந்தேன். ஊட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டீர்கள். சௌக்கியம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நாம் வந்து சேர்ந்தோம். வியாழக்கிழமை சாயங்காலமே அடக்கம் முடிந்திருந்தது. செவ்வாய்க்கிழமையே சென்னிமலையிடம் சொன்னேனே என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார். தெரிந்தால் அண்ணனுக்கு ஓட்டுவதில் கவனம் நிற்காது, அதனால் மறைத்தேன் என்று நான் சொன்னேன். ஊரே அதை ஒப்புக்கொண்டது. நல்ல யோசனை செய்தான் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். நீங்கள் மட்டும் என்னைப் பார்த்து, "எங்கிட்டச் சொல்லியிருக்கோணும் சென்னி" என்றீர்கள். அதுதான் கடைசிப் பேச்சு.

நான் சொன்னது பொய் அண்ணா. போன் பூத்துக்காரர் என் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். சாயங்காலம் சேலம் வழியாகப் போகிற ரயில் இருக்கிறது, அவரை ஏற்றி விடு, நாளை ராத்திரிக்குள் போய்விடுவார் என்று அவரே சொன்னார். ஏற்றி விட்டிருந்தால் புதன்கிழமை ராத்திரி நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பீர்கள். வியாழக்கிழமை காலையில்தான் அண்ணிக்கு உயிர் போனது. முகம் பார்ப்பது மட்டுமில்லை, நீங்கள் அண்ணியோடு பேசியே இருக்கலாம்.

நீங்கள் ரயில் ஏறிவிட்டால் லோடு வண்டியோடு நான் தனியாக வர வேண்டும். முந்தின வருஷம் அடிலாபாத் காட்டுப் பாதையில் திருடர்கள் நம்மை மறித்து அடித்துப் போட்டார்களே, அந்தப் பாதையில். நான் லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தும் நீங்கள் பக்கத்தில் இல்லாமல் ஒரு மைல் ஓட்டியதில்லை. பயந்துவிட்டேன். அவ்வளவுதான் காரணம். எப்படியும் அண்ணி பிழைத்துக்கொள்வார், வேகமாக ஓட்டினால் போய்விடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹைதராபாத் தாண்டி நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினீர்கள். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

இதை வசந்தாமணியிடம்கூட நான் சொன்னதில்லை. அவள் கடைசியாக ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். கண் விழிக்கும்போதெல்லாம், "ஏனுங்க, இருக்கீங்களா?" என்று கேட்பாள். இருக்கேன் என்பேன். மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு நாளில் இருபது தடவையாவது கேட்டிருப்பாள். அண்ணியும் கேட்டிருப்பார் என்று அங்கே உட்கார்ந்துதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு என்ன பதில் சொன்னார்களோ.

பிப்ரவரி மூன்றாம் தேதி திங்கட்கிழமை கிளம்புகிறேன். பெங்களூர், ஹூப்ளி, கோலாப்பூர், புனே வழி. பகலில் மட்டும் ஓட்டுவதாக யோகேஷுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தனியாகத்தான் வருவேன். கூட ஓர் ஆளை அனுப்புகிறேன் என்று யோகேஷ் சொன்னான், மறுத்துவிட்டேன். இந்தத் தூரத்தை நான் ஒருத்தனாக ஓட்டி வந்து உங்கள் முன்னால் நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு உங்கள் தெரு முனையில் இருப்பேன். சாயங்காலம் வரை இருப்பேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. வண்டியில் ஏறச் சொல்லவும் மாட்டேன். இருபத்தேழு வருஷமாக நீங்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை அண்ணா. முட்டி வலியோடு படியிறங்க முடிந்தால், ஒரே ஒரு தடவை வந்து வாய்விட்டுத் திட்டிவிட்டுப் போங்கள்.

உங்கள் தம்பி
சென்னிமலை