வீட்டில் உப்பை நிறுத்தினேன்

மே 8, வெள்ளி

அக்னி வெயில். தார்ப்பாயைத் தொட்டால் கை பொத்துப்போகும். கடல்காற்று மதியத்துக்கு மேல்தான். லாரி இரண்டு. சாக்கு தைக்க நூல் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

வீட்டில் உப்பை நிறுத்தி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. மனைவி சரோஜாவுக்கு பிரஷர் ஏறியதால் திண்டிவனம் டாக்டர் மாத்திரையை மாற்றினார். சிறுநீர் அதிகம் போக வைக்கிற மாத்திரை. "உப்பைக் குறைங்க, ஒரு வாரம் கழிச்சு ரத்த டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றார். குறைப்பதெல்லாம் எங்கள் வீட்டில் ஆகாது. இன்று ஒரு சிட்டிகை என்றால் நாளை ஒரு பிடி. ஒரே அடியாக நிறுத்து என்றேன். ஜாடியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

முதல் நாள் சரோஜா சண்டை. "உப்பு விக்கிறவரு வூட்ல உப்பில்லாத சோறா? ஊரே சிரிக்கும்."

"நம்ம ஊர்ல மூச்சு இழுத்தாலே உப்பு உள்ள போவுது. வேணும்னா கைய நக்கிப் பாரு."

நக்கிப் பார்த்தாள். கரித்தது. அடங்கினாள்.

ரத்த டெஸ்ட்: போகவில்லை. வீட்டு மிஷினில் பிரஷர் நன்றாகக் காட்டுகிறது. அப்புறம் எதற்கு ஊசி.

சகலை பாஸ்கர் புதுச்சேரியிலிருந்து போன். "அந்த மாத்திரை போட்டா உடம்பு காஞ்சிடும்ணே. அண்ணிய நல்லா தண்ணி குடிக்கச் சொல்லுங்க. குடம் குடமா." சரிதான். கேன் தண்ணீர் கூடுதலாகச் சொல்லிவைத்தேன்.

மே 11, திங்கள்

புழுக்கம். காற்றே இல்லை.

சரோஜாவுக்குத் தலைவலி, காலையில் வாந்தி. வெயில் என்று நினைத்தேன். கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தவள் பெருமுக்கல் லோடை வானூருக்கு அனுப்பிவிட்டாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. லோடு போகும் ஊரெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

கத்தினேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. அதுவே புதுசு. "சும்மா இருங்க. தலைக்குள்ள தண்ணி குலுங்கற மாதிரி இருக்குது" என்று சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பாஸ்கருக்கு போன் போட்டேன். "வெயில் தாங்கல போலண்ணே. இன்னும் தண்ணி குடுங்க." கொடுத்தேன். வேண்டாம் என்றாள். பக்கத்தில் நின்று ஒரு சொம்பு குடிக்க வைத்தேன்.

மே 13, புதன்

சாயங்காலம் திடீர் மழை. கொஞ்ச நேரம்தான், ஆனால் பலமாக. வாரிக் குவித்த உப்பைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டோம். உப்பளப் பாத்தியில் கிடந்ததுதான் கவலை. ஓடினேன். வேலையாள் முனுசாமியும் இரண்டு பெண்களும் வரப்பில்.

மழைத்தண்ணீர் எடை கம்மி, உப்புத்தண்ணீர் மேல் மிதந்து நிற்கும். கலப்பதற்குள் மேலாக வடித்துவிட வேண்டும். கலந்தால் விளைந்தது கரைந்துபோகும்.

"மடைய மேலாப்புல மட்டும் தொறடா. கால வச்சுக் கலக்காத!"

"எங்க கால்லாம் கலக்காது முதலாளி. நீங்க எறங்காம இருங்க, அது போதும்" என்றாள் ஒரு பெண். முனுசாமி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான்.

பாதிக்கு மேல் தப்பியது.

வீட்டுக்கு வந்தால் சரோஜா விளக்கு போடாமல் உட்கார்ந்திருந்தாள். புடவை ஒழுங்காக இல்லை. என்னைப் பார்த்து, "அண்ணே, எப்ப வந்தீங்க? சாப்டீங்களா?" என்றாள். அவள் அண்ணன் செத்து ஏழெட்டு வருஷம். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்தாள், அப்படியே சரிந்தாள்.

கார் எடுத்தேன்.

மே 14, வியாழன்

புதுச்சேரி. ஆஸ்பத்திரி. ஏசி குளிர், துண்டு போர்த்தி உட்கார்ந்திருக்கிறேன்.

ரத்தத்தில் உப்பு மிகவும் இறங்கிவிட்டதாம். டாக்டரம்மா சின்ன வயசு, வேகமாகப் பேசுகிறார். என்ன சாப்பாடு, என்ன மாத்திரை, எவ்வளவு தண்ணீர், எல்லாம் கேட்டார். சொன்னேன். டெஸ்டுக்குப் போகாததையும் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

"நீங்க என்ன தொழில்?"

"உப்பு வியாபாரம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நர்ஸ் சீட்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கையை நக்கிப் பார்த்த கதையையும் சொன்னேன். "அது உள்ள போற உப்பு இல்லீங்க. வேர்வையில வெளிய போற உப்பு. உங்க சம்சாரத்தோடதுதான்" என்றார்.



"சரி, உப்பு தானே கம்மி. ஏத்துங்க, இன்னைக்கே ஏத்துங்க" என்றேன். ஏற்றியிருக்கிறார்களாம், கொஞ்சமாக. மிச்சம் மெதுவாகத்தான். அவர் சொன்னது, எனக்குப் புரிந்த வரை: ரத்தம் நீர்த்துப்போனதும் தண்ணீர் மூளைக்குள் போகிறது. மண்டை ஓட்டுக்குள் வீங்க இடம் ஏது? அதனால் மூளை தன்னிடம் உள்ள உப்பையும் இன்னும் என்னென்னவோ சரக்கையும் வெளியே தள்ளிவிட்டு அளவைச் சரிக்கட்டுகிறது. நாள்கணக்கில் அப்படிப் பழகிய மூளை. இப்போது சடாரென்று ரத்தத்தில் உப்பை ஏற்றினால் சுருங்கிவிடும். அப்புறம் பேச்சு போகலாம், கைகால் போகலாம். போனால் திரும்பாமலும் போகலாம்.

"உப்பு கொறஞ்சதைவிட தண்ணி கூடினதுதான் பெரிய தொல்லை. நான் சொல்ற வரைக்கும் தண்ணி குடுக்காதீங்க."

மழை விழுந்த பாத்தியில் எவனாவது உப்பைக் கொண்டுவந்து கொட்டுவானா? தண்ணீரைத்தான் வடிப்பான். இந்த வேலையையே செய்து பிழைக்கிறவன் நான், வீட்டில் சொம்பு சொம்பாக ஊற்றியிருக்கிறேன்.

மே 15, வெள்ளி

சரோஜா கண் விழித்தாள். என்னை அடையாளம் தெரிகிறது. வாய் குழறுகிறது. முதல் வார்த்தை: "தண்ணி."

"டாக்டர் வேணாம்னாங்க."

"ஒரு வாய்."

ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தேன். துணியைக் கடித்து உறிஞ்சினாள். பிடுங்க வேண்டியதாயிற்று.

பாஸ்கர் இளநீரோடு வந்தான். வாசலிலேயே நிறுத்தினேன். "இயற்கைண்ணே, இதுல இன்னா கெடுதி?" என்றான்.

"ஏம்பா, உன் வைத்தியத்துக்குத்தான் இங்க படுத்திருக்கா. நீயே குடிச்சிட்டுப் போ." பாவம், நின்றபடி அவனே குடித்தான். அவனைச் சொல்லி என்ன. ஊற்றியது நான்.

மதியம் மறுபடி கேட்டாள். அழுதாள். வாய் திருந்தாமல் இழுத்து இழுத்து, "ஊருக்கெல்லாம் உப்பு விக்கற... எனக்கு ஒரு வாய் தண்ணி... குடுக்க மாட்டியா?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை நீ என்று சொன்னதில்லை. கதவருகே போய் நின்றுகொண்டேன். கொடுக்கவில்லை.

சாப்பிட்டது: ஒரு இட்லி. லோடு இன்று முனுசாமி பார்த்துக்கொண்டான்.

மே 16, சனி

காலையில் மூத்திரப் பை நிறைந்துவிட்டது. நர்ஸ் மாற்றினாள், அதுவும் நிறைகிறது. தண்ணீர் மாதிரி வெளுப்பாக. எனக்கு சந்தோஷம், வடிகிறதே என்று. டாக்டரம்மாவுக்கு இல்லை. அவசரமாக ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"மாத்திரைய நிறுத்துனதும் உடம்பே வேலைய எடுத்துக்கிச்சு. கூடுதல் தண்ணிய எல்லாம் ஒரே மூச்சுல வெளிய தள்ளுது. உப்பு வேகமா ஏறுது. நான் பயந்தது இதுதான்."

"இப்ப இன்னாங்க பண்றது?"

"தண்ணி குடுங்க."

மறுபடி கேட்டேன். காது சரியாகத்தான் இருக்கிறது.

"ட்ரிப்லயும் தண்ணிதான் போடறோம், உப்பு ஏறுற வேகம் அடங்கணும். வாயிலயும் குடுங்க. தாகம் எடுக்கற அளவுக்கு. அவங்க கேக்கறதுதான் கணக்கு."

பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று இன்னும் சில நாள் பார்க்க வேண்டுமாம். அதற்குள் எதுவும் சொல்ல முடியாது என்றார்.

தலையணையை உயர்த்தி டம்ளரை நீட்டினேன். வாங்கவில்லை. என்னையும் டம்ளரையும் பார்த்தாள்.

"நேத்து விஷமா இருந்தது, இன்னைக்கு இன்னா அமிர்தமா ஆயிடுச்சா?"

ஒரு எழுத்து குழறவில்லை.

வாசலிலிருந்து டாக்டரம்மா, "பேச்சு எப்படி இருக்குது?"

"திட்டுறா. தெளிவா" என்றேன்.

முக்கால் டம்ளர் குடித்தாள். கையைக் காட்டினாள், போதும் என்று. இன்னும் கொஞ்சம் என்று சொல்ல வாயெடுத்தேன். முறைத்தாள். டம்ளரை வாங்கி மூடி வைத்தேன்.